மாலை ஆறரை வரை பாலர்பள்ளி

சிலிகி ரோட்டை ஒட்டிய ஷார்ட் ஸ்திரீட்டில், 1887 ஆகஸ்ட் மாதம், ஒரு கடைவீட்டின் ஒற்றை அறையில் ஒன்பது தமிழ்ச் சிறுமிகளோடு ஒரு பள்ளி தொடங்கியது. தொடங்கியவர் சோஃபியா பிளாக்மோர். அதற்கு முந்தைய மாதம்தான் சிங்கப்பூரில் வந்திறங்கியிருந்த ஆஸ்திரேலிய மெதடிஸ்ட் மிஷனரி அவர். ‘தமிழ்ப் பெண்கள் பள்ளி’ என்று தொடங்கிய அதுதான் இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி. பெண்பிள்ளையை வாசல் தாண்டி அனுப்பவே வீடுகள் தயங்கிய காலம் அது. வீடு வீடாக ஏறி இறங்கித் தாய்மார்களிடம் பேசிப் பேசித்தான் பிளாக்மோர் போன்றவர்கள் பிள்ளைகளைச் சேர்த்தார்கள்.

இன்று சிங்கப்பூர்த் தமிழ் வீடுகளில் அந்தத் தயக்கம் இல்லை. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போகிறார்கள். தாத்தா பாட்டி திருச்சியிலோ தஞ்சாவூரிலோ இருக்கிறார்கள். இங்கே ஈசூனிலேயே இருந்தாலும் முழங்கால் வலியோடு மூன்று வயதுப் பேரன் பின்னால் நாள் முழுக்க ஓட அவர்களால் ஆவதில்லை. பிள்ளையை அனுப்புவதா என்ற பேச்சு முடிந்துவிட்டது. எத்தனை மணி நேரத்துக்கு அனுப்புவது, அத்தனை நேரத்தையும் அது தாங்குமா என்பதே இப்போதைய கவலை.

வழக்கமான பாலர்பள்ளி மூன்று நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். காலை எட்டு, எட்டரைக்குப் போனால் நண்பகலுக்குள் பிள்ளை வீட்டில் இருக்கும். முழுநாள் பராமரிப்பு நிலையமோ காலை 7 மணியிலிருந்து மாலை 7 மணிவரை திறந்திருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் வளர்ந்திருப்பதுதான் நீட்டிக்கப்பட்ட நேரப் பாலர்பள்ளி: காலையில் பாடம், பிறகு மதியச் சாப்பாடு, குளியல், தூக்கம், விளையாட்டு, மாலையில் வீடு. கல்வி அமைச்சு 2014-இல் முதல் ஐந்து பாலர்பள்ளிகளைத் தொடங்கியது. இன்று அமைச்சின் பாலர்பள்ளிகளிலும் வகுப்பு முடிந்தபின் மாலைவரை பிள்ளையை வைத்துக்கொள்ளும் பராமரிப்புச் சேவை உண்டு. தேவாலயங்களும் கிறிஸ்துவ அமைப்புகளும் நடத்தும் பாலர்பள்ளிகள் சிலவும் இதே வழியில் நேரத்தை நீட்டியிருக்கின்றன. வேறு சில, முழுநாள் பராமரிப்பு நிலையமாகவே உரிமம் பெற்று இயங்குகின்றன.

லிட்டில் இந்தியாவைச் சுற்றியே இந்தக் கிறிஸ்துவ மரபின் தடங்களைக் காணலாம். ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் தேவாலயம் இருக்கிறது. கம்போங் கப்போர் மெதடிஸ்ட் தேவாலயத்தின் கட்டடம் 1930-இல் எழுந்தது. ஓஃபிர் ரோட்டில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டப்பட்ட லூர்து மாதா ஆலயம் 1888-ஐச் சேர்ந்தது. டோர்செட் ரோட்டு கிறைஸ்ட் சர்ச் தமிழ் ஆங்கிலிக்கன் சபையின் வீடு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர் இந்தியர்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவர் கிறிஸ்துவர். ஆனால் தேவாலயப் பாலர்பள்ளியில் விண்ணப்பம் வாங்க வருகிறவர்கள் அவர்கள் மட்டுமல்ல. ஊரில் கான்வென்ட்டில் படித்த இந்துத் தாயும், ‘ஒழுக்கமா வளர்ப்பாங்க’ என்று நம்பும் முஸ்லிம் தந்தையும் அதே வரிசையில் நிற்கிறார்கள்.

அந்த வரிசையில் உலவும் ஒரு நம்பிக்கையை இங்கேயே தெளிவுபடுத்திவிடுவது நல்லது. தேவாலயப் பாலர்பள்ளியில் சேர்த்துவிட்டால், பிரபலமான கிறிஸ்துவத் தொடக்கப்பள்ளியில் தொடக்கநிலை ஒன்றுக்கு இடம் உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படி இல்லை. கட்டம் கட்டமாக நடக்கும் தொடக்கநிலை ஒன்றுப் பதிவில், பள்ளியோடு நேரடித் தொடர்புள்ள தேவாலயத்தின் உறுப்பினர் என்று சபை பரிந்துரைக்கும் பெற்றோருக்கு 2பி கட்டத்தில் வாய்ப்பு உண்டு. கல்வி அமைச்சின் பாலர்பள்ளியில் படிக்கும் பிள்ளை, அதே வளாகத்தில் உள்ள தொடக்கப்பள்ளிக்கு 2ஏ கட்டத்தில் பதிவு செய்யலாம். தேவாலயப் பாலர்பள்ளியில் படித்த ஒரே காரணத்துக்காகக் கிடைக்கும் கட்டம் எதுவும் இல்லை. அந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பவர்கள் அந்தப் பள்ளிக்காகவே தேர்ந்தெடுக்க வேண்டும்.

பண விஷயமும் சிக்கலானதுதான். பாலர்பள்ளிகளும் பராமரிப்பு நிலையங்களும் முன்பு வெவ்வேறு சட்டங்களின் கீழ் இருந்தன. 2013-இல் பாலர்பருவ மேம்பாட்டு வாரியம் அமைந்தது. 2019 ஜனவரியில் நடப்புக்கு வந்த புதிய சட்டம் இரண்டையும் ஒரே குடையின் கீழ்க் கொண்டுவந்தது. ஆனால் உதவித்தொகையில் வேறுபாடு தொடர்கிறது. பராமரிப்பு நிலைய உரிமம் உள்ள இடத்தில் முழுநாள் சேரும் குடியுரிமைப் பிள்ளைக்கு, வேலைக்குப் போகும் தாய் என்றால் மாதம் 300 வெள்ளிவரை அடிப்படை உதவித்தொகை உண்டு. குடும்ப மாத வருமானம் 12,000 வெள்ளிக்குள் இருந்தால், 2020 முதல் நடப்பில் உள்ள ஏற்பாட்டின்படி அதற்கு மேலும் 467 வெள்ளிவரை கிடைக்கும். பாலர்பள்ளி உரிமம் மட்டும் உள்ள இடத்தில், மாலைவரை பிள்ளையை வைத்துக்கொண்டாலும் இந்த அடிப்படை உதவித்தொகை கிடையாது. பாலர்பள்ளிகளுக்கென்று உள்ள கட்டண உதவித் திட்டமும் அரசாங்க ஆதரவு பெற்ற முதன்மை நடத்துநர்களின் பாலர்பள்ளிகளுக்கும் கல்வி அமைச்சின் பாலர்பள்ளிகளுக்கும் மட்டுமே பொருந்தும். ஆகவே பள்ளியைப் பார்க்கப் போகும் பெற்றோர் கட்டணப் பட்டியலைக் கேட்பதற்கு முன்பே, ‘உங்கள் உரிமம் எந்த வகை?’ என்று கேட்டுவிடுவது மேல். ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பள்ளிகளுக்குள் மாதச் செலவில் பெரிய வித்தியாசம் வருவதற்கு இந்த ஒரு வரி காரணமாக இருக்கலாம்.

இவை பெரியவர்கள் முடிக்க வேண்டிய ஏற்பாடுகள். பிள்ளையின் தயாரிப்பு வேறு. டிசம்பர் விடுமுறையில் பல வீடுகளில் நடப்பது என்ன? ஏ பி சி டி அட்டை சுவரில் ஏறுகிறது. ஒன்று முதல் நூறுவரை எண்ணச் சொல்கிறார்கள். பெயரை எழுதப் பழக்குகிறார்கள். இதிலெல்லாம் தவறில்லை. ஆனால் இவற்றைச் சொல்லிக்கொடுக்கத்தான் பள்ளி இருக்கிறது. கல்வி அமைச்சின் பாலர்பருவப் பாடத்திட்டக் கட்டமைப்பு 2003-இல் வெளிவந்து, 2012-இலும் 2022-இலும் திருத்தப்பட்டது. விளையாட்டின் வழியாகக் கற்பதையும், பிள்ளை தன் உணர்ச்சிகளைக் கையாளவும் பிறரோடு பழகவும் கற்பதையும் அது எழுத்துக்கு நிகராக வைத்துப் பேசுகிறது. பத்துப் பதினொரு மணி நேரம் வீட்டுக்கு வெளியே இருக்கப் போகும் நான்கு வயதுப் பிள்ளையைக் காப்பாற்றப் போவது எழுத்தறிவு அல்ல; தன் உடம்பைத் தானே கவனித்துக்கொள்ளும் பழக்கம்.

இந்தப் பழக்கத்தையே முதலில் வைத்துக் கல்வி முறை வகுத்த மரியா மாண்டிசோரி 1939-இல், தம் 69-ஆவது வயதில், சென்னை அடையாறுக்கு வந்தார். உலகப் போரால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கிய அவரிடம் ஆசிரியர்கள் பலர் பயிற்சி பெற்றார்கள். அவருடைய முறையில் மூன்று வயதுப் பிள்ளைக்கு எழுத்துக்கு முன்பே வருவது, குவளையிலிருந்து குவளைக்குச் சிந்தாமல் தண்ணீர் ஊற்றுவதும், பித்தான் போடுவதும், மேசையைத் துடைப்பதும்தான். நீண்ட நேரப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு டிசம்பரில் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பாடம் இல்லை.

முதலில் சாப்பாடு. நம் வீடுகளில் நான்கு வயதுவரை, ஏன், ஆறு வயதுவரைகூட ஊட்டுவது வழக்கம். அது அன்புதான். ஆனால் பாலர்பள்ளியின் முதல் ஆண்டான கே ஒன் வகுப்பில் இருபது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், இரண்டாம் ஆண்டான கே டூவில் இருபத்தைந்துக்கு ஒருவர் என்பது விதி. நான்கு வயதினருக்கான நர்சரி வகுப்பிலேயே பதினைந்துக்கு ஒருவர். எத்தனை வாய்க்கு ஊட்ட முடியும்? பள்ளியில் மதியம் கரண்டியோடு வருவது மீன் சூப்போ, பொரித்த சோறோ, மீ ஹூனோ. பருப்புச் சோறும் தயிர்ச் சோறும் மட்டுமே தெரிந்த நாக்கு முதல் வாரம் தட்டைத் தள்ளிவிடும். பசியோடு தூங்கப் போகும் பிள்ளை மாலையில் அழுதுகொண்டே வீடு வரும். பள்ளி தொடங்க ஒரு மாதம் முன்பாகவே, பதினொன்றரை மணிக்கு மேசையில் உட்கார்ந்து, தானே கரண்டியால் எடுத்து, சிந்தினாலும் முடித்து எழும்படி பழக்கத் தொடங்கலாம். கைபேசியில் காணொளி ஓடினால்தான் வாய் திறக்கும் பிள்ளைக்கு இது இன்னும் அவசியம். 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட ‘குரோ வெல் எஸ்ஜி’ திட்டத்தின் வழிகாட்டிகள், 18 மாதம் முதல் ஆறு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிக்கு வெளியே திரை நேரம் ஒரு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. சாப்பாட்டு நேரத்தில் திரையே வேண்டாம் என்பதும் அதில் அடக்கம்.

அடுத்தது தூக்கம். மூன்று நான்கு வயதில் மதியத் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளுக்கு 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் தந்த பரிந்துரை. அப்பா வேலை முடிந்து வீடு வர எட்டாகிறது. அப்புறம் கொஞ்சல், சாப்பாடு, தமிழ்நாட்டுக்கு ஒரு வீடியோ அழைப்பு என்று பதினொரு மணிவரை விழித்திருக்கும் பிள்ளையைக் காலை ஆறரைக்கு எழுப்பினால், அதன் முகம் பள்ளி வாசலில் எப்படி இருக்கும்? ஜனவரிக்குள் ஒன்பது மணித் தூக்கம் பழகிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

கழிவறைப் பழக்கம் பற்றிப் பெற்றோருக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்லும் பேச்சைப் பற்றிப் பெரும்பாலோர் யோசிப்பதில்லை. வீட்டில் ‘உச்சா வருது’, ‘மூச்சா’, ‘கக்கா’. வகுப்பிலே இருப்பவர் சீன ஆசிரியராகவோ பிலிப்பினோ ஆசிரியராகவோ இருந்தால், பிள்ளை மூன்று முறை சொல்லியும் அவருக்குப் புரியாது. கால்சட்டை நனைந்த பிறகே புரியும். நன்றாகப் பழகிய பிள்ளையும் அந்த அவமானத்தில் ஒரு மாதம் பின்னால் போய்விடும். டாய்லெட், வாட்டர், பெயின், ஹெல்ப் மீ, டோன்ட் வான்ட் – இந்த ஐந்தும் வாயில் வந்தால் போதும். கூடவே வீட்டுச் சொற்களை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் ஆங்கிலத்தில் பொருள் போட்டு ஆசிரியரிடம் கொடுத்துவிடலாம். ‘அம்மாச்சி’ என்று சொல்லிப் பிள்ளை அழுதால் அது யாரைத் தேடுகிறது என்று ஆசிரியருக்கும் தெரிய வேண்டாமா?

நீண்ட நேரப் பள்ளி என்றால் குளியல் உண்டு. வெளியே விளையாடிய பிறகோ தூங்குவதற்கு முன்போ குளிப்பாட்டி உடை மாற்றுவது சிங்கப்பூர்ப் பராமரிப்பு நிலையங்களில் வெகு சாதாரணம். பிள்ளையின் இடுப்பில் அரைஞாண் கயிறோ, கழுத்தில் தாயத்தோ, காலில் கறுப்புக் கயிறோ இருந்தால், அது என்ன, கழற்றலாமா கூடாதா என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது இரு தரப்புக்கும் நிம்மதி. பெரும்பாலான ஆசிரியர்கள் இதை மதிப்போடு ஏற்றுக்கொள்வார்கள். தங்கச் சங்கிலி, வளையல் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

வீடுகளில் அடிக்கடி காதில் விழும் ஒரு பேச்சு உண்டு: ‘சேட்டை பண்ணினா ஸ்கூல்ல விட்டுடுவேன், டீச்சர் அடிப்பாங்க.’ இதைவிடப் பெரிய கெடுதலைப் பெற்றோர் செய்ய முடியாது. சிங்கப்பூர்ப் பாலர்பருவ நிலையங்களில் பிள்ளையை அடிப்பது சட்டப்படி தடை. அடிக்காத ஆசிரியரை அடிப்பவராகக் காட்டிவிட்டு, அவர் கையில் பிள்ளையை ஒப்படைத்தால் அது எப்படி அவர் மடியில் தலை வைத்துத் தூங்கும்? அதே போலத்தான், பிள்ளை பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நழுவிப் போவதும். அழுதாலும் பரவாயில்லை; ‘தூங்கி எழுந்து, பால் குடிச்சு, விளையாடினதும் அம்மா வந்துடுவேன்’ என்று சொல்லிவிட்டுப் போகிற தாயைப் பிள்ளை நம்பும். மணி பார்க்கத் தெரியாத வயதுக்கு ‘ஆறரை மணி’ என்பதற்குப் பொருள் இல்லை. பால் குடித்த பிறகு என்பதற்கு உண்டு.

இனி, சேரும் இடம் கிறிஸ்துவப் பள்ளியாக இருந்தால் கவனிக்க வேண்டியவை. சாப்பாட்டுக்கு முன் ஜெபம், வேதாகமக் கதைகள், பாட்டு, வாரம் ஒரு முறை வழிபாட்டு நேரம், ஆண்டு இறுதியில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி – இவை இத்தகைய பாலர்பள்ளிகளில் பொதுவாக இருப்பவை. மழலையர் பள்ளி என்ற எண்ணத்துக்கே உருவம் கொடுத்த ஜெர்மானியர் ஃபிரீட்ரிக் ஃபுரோபெல் ஒரு போதகரின் மகன். 1837-இல் பாட் பிளாங்கன்பர்க்கில் அவர் தொடங்கிய இடத்தில் பாட்டும் விளையாட்டும் இறையுணர்வும் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன. அந்தக் கலப்பு இன்றும் தேவாலயப் பாலர்பள்ளிகளின் இயல்பு.

கிறிஸ்துவக் குடும்பத்துப் பிள்ளைக்கு இது புதிதல்ல என்று தோன்றும். ஆனால் வீட்டில் ‘இயேசப்பா’ என்று தமிழில் ஜெபித்த பிள்ளை, பள்ளியில் ஆங்கிலத்தில் கேட்கும்போது இரண்டும் ஒன்றுதான் என்று தானாகப் புரிந்துகொள்வதில்லை. சாப்பாட்டு ஜெபத்தை இரண்டு மொழியிலும் வீட்டில் சொல்லிப் பழகினால் போதும். இந்துக் குடும்பத்துக்குத் தேவைப்படுவது கொஞ்சம் கூடுதல் நேர்மை. ‘நம்ம வீட்டில சாமி இப்படிக் கும்பிடுவோம், உன் ஸ்கூல்ல அவங்க அப்படிக் கும்பிடுவாங்க, நீ கண்ணை மூடி அமைதியா இருக்கணும்’ என்று நான்கு வயதில் சொன்னால் புரியும். பூசையறையில் பிள்ளை கை கோத்து ஆமென் சொல்லும் நாள் வரும். அதைக் கேட்டுப் பாட்டி பதறி, பெற்றோர் சிரித்து, பிள்ளை குழம்பி நிற்பதைவிட, பெரியவர்கள் முன்பே பேசி ஒரு முடிவுக்கு வந்திருப்பது நல்லது. வழிபாட்டு நேரத்தில் பிள்ளை விலகி இருக்கலாமா, அப்போது அது எங்கே இருக்கும், மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ பரிமாறப்படுமா, சைவ உணவு கிடைக்குமா என்று சேர்வதற்கு முன்பே கேட்க வேண்டும். இப்படிக் கேட்பதால் எந்தப் பள்ளியும் மனம் புண்படாது. கேட்காமல் சேர்த்துவிட்டு மார்ச் மாதத்தில் குறைப்படுவதுதான் ஆசிரியருக்கு வருத்தம்.

எல்லாவற்றையும்விடக் கவலை தரும் விஷயம் தமிழ். 2010-இல் சிங்கப்பூர் இந்தியர்களில் 36.7 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசிய மொழி தமிழ். 2020-இல் அது 27.9 விழுக்காடு. ஆங்கிலம் 41.6-இலிருந்து 59.2 ஆக ஏறியது. இதில் நீண்ட நேரப் பள்ளியின் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். காலை ஏழரைக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டு, மாலை ஆறரைக்குத் திரும்பி, ஒன்பதுக்குத் தூங்கப் போகும் பிள்ளை, வீட்டில் விழித்திருப்பது மொத்தம் மூன்று, மூன்றரை மணி நேரம். அந்த நேரத்திலும் பெற்றோர் ‘ஈட் ஃபாஸ்ட்’, ‘பிரஷ் யுவர் டீத்’ என்றே பேசினால், அந்தப் பிள்ளையின் நாளில் தமிழுக்கு இடமே இல்லை.

கல்வி அமைச்சின் பாலர்பள்ளிகளில் சீனம், மலாய், தமிழ் மூன்றும் தாய்மொழியாகக் கற்பிக்கப்படுகின்றன. தனியார் பாலர்பள்ளிகள் பலவற்றில் நிலைமை அப்படி இல்லை. தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரே என்பதால் தமிழாசிரியர் இருக்க மாட்டார், அவர்களும் சீன வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே பிள்ளை தொடக்கநிலை ஒன்றில் தமிழ் வகுப்பில் போய் அமரும். ‘அ’ அதற்கு அந்நியமாக இருக்கும். ‘தமிழ் வகுப்பு உண்டா? இல்லையென்றால் நான்கைந்து பெற்றோர் சேர்ந்து கேட்டால் ஏற்பாடு செய்வீர்களா?’ என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். தமிழ்ச் சிறுமிகளுக்காகத் தொடங்கிய ஒரு பள்ளியிலிருந்து வளர்ந்த மெதடிஸ்ட் பெண்கல்வி மரபு உள்ள ஊர் இது. தமிழைக் கேட்டுப் பெறுவது இங்கே சலுகை ஆகாது.

வகுப்பு அமையும்வரை வேலை வீட்டுக்குத்தான். மாலையில் தேக்கா சந்தையில் வெண்டைக்காய் பொறுக்கும்போது, ரயிலில், குளிப்பாட்டும்போது பேசும் தமிழ் கணக்கில் சேரும். பொது நூலகங்களில் தமிழ்ப் படப் புத்தகங்கள் இரவல் கிடைக்கின்றன. தூங்கும் முன் ஒன்று. ‘இன்னிக்கு ஸ்கூல்ல என்ன பண்ணினே?’ என்று கேட்டால் ‘நத்திங்’ என்றுதான் பதில் வரும். ‘இன்னிக்கு உன் பக்கத்துல யார் படுத்தாங்க?’ என்று கேட்டால் ஒரு கதையே வரும், அதுவும் தமிழில்.

கடைசியாக ஒரு நடைமுறைக் கணக்கு. பிள்ளைகள் கூடும் இடத்தில் நோய் பரவும். கை, கால், வாய்ப்புண் நோய் பரவியதால் 2000 அக்டோபரில் சிங்கப்பூரின் எல்லாப் பாலர்பள்ளிகளையும் பராமரிப்பு நிலையங்களையும் மூட வேண்டியிருந்தது. இன்றும் பல நிலையங்களில் வாசலிலேயே காய்ச்சல் பார்த்து, கையையும் வாயையும் சோதித்தே உள்ளே விடுகிறார்கள். கொப்புளம் இருந்தால் அப்படியே திருப்பி அனுப்புவார்கள். தட்டம்மை, தொண்டை அடைப்பான் தடுப்பூசிகள் சட்டப்படி கட்டாயம் என்பதால் தடுப்பூசிப் பதிவை முன்பே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைக்கு முடியாத நாளில் பெற்றோருக்கு விடுப்பும் வேண்டும். ஏழு வயதுக்குட்பட்ட குடியுரிமைப் பிள்ளை இருந்தால் தாய்க்கும் தந்தைக்கும் ஆண்டுக்கு ஆறு நாள் சம்பளத்துடன் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. பிள்ளைக்குக் குடியுரிமை இல்லாவிட்டால் இரண்டு நாள்தான். வேலைக்காக வந்திருக்கும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஜனவரி முதல் வாரத்தில் பிள்ளையை மதியத்தோடு அழைத்துக்கொள்ளப் பள்ளி அனுமதித்தால், தாயும் தந்தையும் ஆளுக்கு ஒரு நாளாக இந்த விடுப்பை மாறி மாறி எடுக்கலாம். ஆனால் விடுப்பு முழுவதையும் அந்த வாரத்திலேயே தீர்த்துவிடக் கூடாது. முதல் வாரம் சிரித்துக்கொண்டு போன பிள்ளை இரண்டாவது வாரத்தில் அழத் தொடங்குவது உண்டு. முதல் காய்ச்சலும் பெரும்பாலும் அதைத் தொடர்ந்தே வரும்.